தட்டாமல் போட்ட டிக்

தொட்டுக்கூடப் பார்க்காத பதினெட்டு ரிவிட்டுகளுக்கு அழகாக டிக் போட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது நான் கொஞ்சம் நல்லவன் மாதிரித் தெரிந்தால் நீங்கள் ஏமாந்துவிடக் கூடாது பாருங்கள்.

ரிவிட் என்றால் டிரங்குப் பெட்டி ரிவிட் இல்லை. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே கூவத்தின் மேல் நின்ற ஒரு பழைய இரும்புப் பாலத்தின் ரிவிட். ஒவ்வொன்றின் தலையும் பெரிய எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். பாலம் வெள்ளைக்காரன் காலத்தது. அவன் கட்டும்போது மாட்டு வண்டியை நினைத்துக் கட்டியிருப்பான். தொண்ணூறுகளில் அதன் மேல் மண் லாரியும், ஒரு பக்கம் சாய்ந்தபடி ஆள் தொங்கிக்கொண்டு வரும் பஸ்ஸும் போய்க்கொண்டிருந்தன. காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போகிற பஸ்ஸில் என் மனைவி இருப்பாள். பூந்தமல்லிப் பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் அவளுக்கு வேலை.

எனக்கு உயரம் ஆகாது. எங்கள் வீட்டில் பல்பு போனால் ஸ்டூல் மேல் ஏறி மாற்றுவது அவள்தான். நான் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன். ஸ்டூல் ஆடாமல் இருக்க என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் நான் ஆடாமல் இருக்கத்தான். அப்படிப்பட்டவன் பாலத்துக்கு அடியில் போய்த் தொங்கியது எப்படி என்றால், எல்லாம் உதார்தான்.

அதற்கு முன் பதினைந்து வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இருந்தேன். இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். செய்து வருகிற சாமான் அளவு சரியா என்று பார்த்து அட்டையில் டிக் போடுகிற வேலை. ஒருநாள் காலையில் போனால் கேட்டில் பூட்டுத் தொங்கியது. அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. ஏழெட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். மனைவி வேலைக்குப் போய்வர, நான் குழாயடியில் குடம் வைத்து இடம் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

ஆள் எடுத்தவர் பூந்தமல்லிக்காரர். அந்த வேலைக்கு அவர்தான் மேஸ்திரி. எல்லோருக்கும் அவர் பாய். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொண்டிருப்பார், பேசாமல் இருப்பதற்கு ஒரு சாக்கு மாதிரி.

"உயரம் பயக்கமா?" என்றார்.

"இன்னா பாய் இப்டி கேட்டுட்டே! பதினஞ்சு வருசம் கிரேன் மேலயே குந்திகினு வேல பாத்தவன் நானு."

எங்கள் பட்டறையில் கிரேன் இருந்தது உண்மை. அது நகர ஆரம்பித்தால் நான் டீக்கடைக்கு ஓடிவிடுவேன்.

"இன்னா வேல பாத்தே?"

"இன்ஸ்பெக்‌ஷன்."

அதைக் கேட்டதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, ரிவிட்டு பாக்கறதுக்கு ஒரு ஆளு வேணும். நாளைக்கு வா" என்றார். அன்றிலிருந்து எல்லோரும் என்னை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் போலீஸ் என்று நினைத்து எழுந்து நின்றதும் உண்டு. அந்த மரியாதையை நான் கெடுக்கவில்லை.

மறுநாள் பாலத்தின் கைப்பிடிக் கம்பியைத் தாண்டி, ஒரு கயிற்று ஏணியில் இறங்கச் சொன்னார்கள். கீழே நான்கு கயிற்றில் இரண்டு பலகை தொங்கியது. அதுதான் எங்கள் ஆபீஸ். இறங்கிய முறையை நான் விவரிக்கப் போவதில்லை. முதலில் என் செருப்பு போனது. அப்புறம் என் குரல் போனது. கடைசியில்தான் நான் போனேன்.

பலகையில் எனக்கு ஜோடி கோவில்பதாகைப் பக்கத்து அக்கா ஒருத்தி. முன்னே நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவள். வயலெல்லாம் பிளாட் ஆனதும் சித்தாள் வேலை, அப்புறம் இந்தத் துரு சுரண்டுகிற வேலை. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, ஆற்றுக்கு மேல் முப்பதடி உயரத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெற்றிலை மெல்லுவாள். நான் பலகையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தேன்.

"இன்னா நைனா, பலகைய கல்யாணம் கட்டிகினியா? உடவே மாட்டேன்ற?"

"யக்கா, இங்கருந்து உயுந்தா இன்னா ஆவும்?"

அவள் எட்டிக் கீழே பார்த்தாள். எச்சில் துப்பினாள். அது போய்ச் சேர ரொம்ப நேரம் ஆனது. "தண்ணி முட்டி அளவு கீது. அதுக்குக் கீய கல்லு கீது. செத்துதான் பூடுவே. ஆனா அதுக்கு முன்னாடி நாறிப்பூடுவே."

இப்படித்தான் எனக்கு ஆறுதல் கிடைத்தது.

லாரி வரும்போதுதான் உண்மையான விஷயம் தெரியும். முதலில் எங்கோ தூரத்தில் ஒரு கடகட. அப்புறம் தலைக்கு மேல் ஓர் அடியில் இருக்கிற இரும்புத் தகடு தூக்கித் தூக்கிப் போடும். துருவும் மண்ணும் மழையாகக் கொட்டும். பலகை ஒரு மாதிரி வெடவெடவென்று நடுங்கும். அது பலகையின் நடுக்கமா என்னுடையதா என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. லாரி போன பிறகு பார்த்தால் கம்பி பிரஷ்ஷின் கட்டையில் என் பல் பதிந்திருக்கும். அந்தக் கட்டையை அக்கா எல்லோரிடமும் காட்டினாள். "எலி கடிச்சிருக்கு பாரு" என்று.

வேலை இதுதான். அக்கா துருவைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பாள். இரும்பு தெரிந்ததும் நான் ரிவிட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். ரிவிட் தலையின் ஒரு பக்கம் இடது கை விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சின்னச் சுத்தியால் ஒரு தட்டு. இறுக்கமாக இருந்தால் டங்கென்று சுத்தியைத் திருப்பி அனுப்பும். தளர்ந்திருந்தால் டொக்கென்று முனகும், விரலடியில் ஒரு சின்ன அசைவு தெரியும். டங்குக்கு சாக்பீஸால் டிக். டொக்குக்கு இன்டு. டிக் இருக்கிற மூட்டின் மேல்தான் ரெட் ஆக்சைடு பூசலாம். இன்டு ஒன்று இருந்தாலும் பாய் வந்து பார்க்கிற வரைக்கும் யாரும் பிரஷ்ஷைத் தொடக் கூடாது. ரெட் ஆக்சைடு காய்ந்ததும் அதன் மேல் வெள்ளி மாதிரி மினுக்குகிற அலுமினியம் பெயிண்ட்.

கரையோரமாக இருந்த மூட்டுகளை நான் ஒழுங்காகத்தான் தட்டினேன். கீழே மண் தெரிந்தது. விழுந்தால் கால்தான் உடையும். நடு ஆற்றுக்கு வந்தபோதுதான் வினை.

அங்கே குறுக்கு இரும்பு வந்து பெரிய உத்தரத்தோடு சேருகிற மூட்டு ஒன்று. மொத்தம் இருபத்துநாலு ரிவிட். ஆறு என் மூக்குக்கு நேராக இருந்தது. மிச்சம் பதினெட்டும் அந்தப் பக்கம், வெளி முகத்தில். அதைத் தட்ட வேண்டுமென்றால் பலகையை விட்டு, உத்தரத்தின் அடி விளிம்பில் ஊர்ந்து போய், ஒரு காலைக் கம்பியில் மாட்டிக்கொண்டு, உடம்பை வெளியே சாய்க்க வேண்டும். ஒரு கை ரிவிட்டில். ஒரு கை சுத்தியில். பிடித்துக்கொள்வதற்கு எனக்கு மிச்சம் இருந்தது பல் மட்டும்தான்.

அக்கா ரெட் ஆக்சைடு டப்பா எடுக்க மேலே போயிருந்தாள். நான் ஒரு காலை எடுத்து விளிம்பில் வைத்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து மண் லாரி வந்தது. மொத்தப் பாலமும் இருமியது. காலை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்த நாளெல்லாம் எனக்கு ஆபத்து. எங்கள் பட்டறையில் ஒரு பெட்டியில் ஆயிரம் போல்ட்டு வந்தால் ஆயிரத்தையும் அளக்க மாட்டோம். உள்ளே கைவிட்டுச் சிலதை எடுத்து கேஜில் போட்டுப் பார்ப்போம். அது சரியாக இருந்தால் மொத்தப் பெட்டியும் பாஸ். சாம்பிள் செக்கிங் என்று அதற்குப் பெயர். பதினைந்து வருஷம் அதைச் செய்துதான் சம்பளம் வாங்கினேன். இங்கே இருபத்துநாலில் ஆறு. எங்கள் பட்டறைக் கணக்குக்கு அது தாராளம். ஆறையும் தட்டினேன். ஆறும் டங். போதாதா?

தட்டுவதற்குத்தான் கை எட்டவில்லை. டிக் போட வழி இருந்தது. பிரஷ் கட்டுகிற மூங்கில் குச்சியின் நுனியில் சாக்பீஸைக் கட்டி நீட்டினேன். பதினெட்டு டிக். அக்கா வந்து பார்த்துவிட்டு, "இன்னா நைனா, அந்தாண்டகூட போய்ட்டியா? பரவால்லியே!" என்றாள். நான் வெட்கப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் காலை மாட்டி, வெளியே வளைந்து, என் பதினெட்டுப் பொய்யின் மேலும் ரெட் ஆக்சைடைப் பூசினாள்.

ஒரு வாரம் நிம்மதியாகத்தான் இருந்தேன். பிறகு ஒருநாள் கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் பாயிடம் கேட்டேன்.

"பாய், லூசு ரிவிட்ட பாக்காம எவனாவது மேல பெயிண்ட் அடிச்சிட்டான்னு வெச்சிக்கோ. இன்னா ஆவும்?"

"அழுவும்."

"இன்னாது?"

"ரிவிட்டு அழுவும். உள்ள ஆடிகினே இருக்கும்ல, துரு அரைபடும். மய பெஞ்சா அந்தத் துரு தண்ணியோட பெயிண்ட கியிச்சிகினு வெளிய வரும். பழுப்பா கோடு உயும்."

"அழுதா அழுதுட்டுப் போவுது. அப்புறம்?"

பாய் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "ஒண்ணு லூசானா அதோட பாரத்தப் பக்கத்துல கீறது தூக்கும். அது எத்தினி நாளு தூக்கும்? அதுவும் லூசாவும். அப்பால அதுக்குப் பக்கத்துல கீறது. ஒருநாளு எவனாவது ஓவர் லோடு ஏத்திகினு வருவான்."

சொல்லிவிட்டு எழுந்து போய் டிபன் பாக்ஸைக் கழுவினார். நான் மிச்சச் சோற்றோடு என் பாக்ஸை மூடிவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் மனைவி கிளம்பும்போது நைசாக ஆரம்பித்தேன்.

"ம்மே, இனிமே நீ அம்பத்தூர் வயியா போயேன். பாடிக்குப் போயி, அங்கருந்து வேற பஸ்ஸு மாறி..."

"ஆவடிலருந்து பூந்தமல்லிக்குப் பாடி வயியாவா? நான் இன்னா சாமி ஊர்வலமா போறேன், ஊரெல்லாம் சுத்திகினு வர்றதுக்கு?"

"இல்லமே, அந்த பஸ்ஸுல கூட்டம்..."

அவள் தலை பின்னுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னாயா, அந்த பஸ்ஸுல எவளாவது வர்றாளா? நான் பாத்துடுவேன்னு மெர்சலாவுறியா?"

உண்மையைச் சொல்வதைவிட அப்படி ஒருத்தி இருந்து தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

அந்த வாரம் ஒரு மழை பெய்தது. மறுநாள் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தேன். புதிதாக வெள்ளி பூசிய அந்த மூட்டில், வெளி முகத்தில், இரண்டு ரிவிட் தலைக்கு அடியில் பழுப்பாக இரண்டு கோடு. வெற்றிலை எச்சில் வழிந்தது போல. முதலில் அக்கா துப்பியதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆற்றுக்கு மேல் வெளி முகத்தில் இரண்டு ரிவிட்டைக் குறி பார்த்து எவள் துப்புவாள்? மனசு எதையெல்லாம் பிடித்துக்கொள்கிறது பாருங்கள்.

அதே நேரம் பஸ் ஹாரன் கேட்டது. அவளுடைய பஸ். தகடு ஒவ்வொன்றாகக் கடகடக்க, அது நடு ஆற்றைத் தாண்டி, அந்தக் கரையில் ஏறி, மரத்துக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை.

"இன்னா இன்ஸ்பெக்டரே, பாலத்த நீதான் தாங்கிகினு கீறியா?" என்று பக்கத்திலிருந்து அக்கா சிரித்தாள்.

என் இரண்டு கையும் தலைக்கு மேல் தூக்கியபடி இருந்தன.

அப்போதாவது பாயிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. போனால் வேலை போகும், மறுபடியும் குழாயடிதான் என்று பயம். அதைவிட, பாய் என்னைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்று பயம். அதைவிடப் பெரிய பயம், "சரி, நீயே போயி தட்டிட்டு வா" என்று சொல்லிவிடுவாரே என்பது. இத்தனை பயத்துக்கு நடுவில் நான் செய்த காரியத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். மூங்கில் குச்சியில் மண்ணெண்ணெய்த் துணியைக் கட்டி, அந்தப் பழுப்புக் கோடுகளைத் துடைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தேன். ராத்திரித் தூறலில் கோடு திரும்ப வந்திருந்தது. இரண்டு இல்லை, மூன்று.

இன்னும் இரண்டு நாள் துடைத்தேன். துடைக்கும்போதெல்லாம் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்படி அந்த ரிவிட்டுகளிடம் கெஞ்சினேன். மனைவியிடம் வயிற்று வலி, லீவு போடு என்றேன். "வயிறு உனக்குத்தானே வலிக்குது, நீ போடு" என்று போய்விட்டாள். அவள் போகிற பஸ்ஸை ஒற்றை ஆளாக இழுத்து நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். இருபது நிமிஷம் முன்னால் கிளம்பி வேலைக்கு வந்து, பாலத்துக்கு அடியில் நின்றுகொள்வேன். விழுந்தால் முதலில் என் மேல் விழட்டும் என்று ஒரு நியாயம். என்ன பிரயோஜனம் என்று கேட்காதீர்கள்.

மூன்றாம் நாள் அந்த மூட்டுக்குப் பக்கத்தில்தான் எங்கள் பலகை தொங்கியது. வெள்ளிப் பூச்சு வேலை. அவளுடைய பஸ் வந்தது. வழக்கமாகப் போய்விடும். அன்றைக்கு அந்தக் கரையில் ஒரு மாட்டு வண்டி அச்சு முறிந்து நின்றுவிட்டதாம். பஸ் பாலத்தின் நடுவில், எங்கள் தலைக்கு நேர் மேலே நின்றது. அதன் பின்னால் ஒரு மண் லாரி வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. என்ஜின்கள் அணையாமல் உறுமிக்கொண்டிருந்தன. கண்டக்டரின் விசில், யாரோ டிரைவரைத் திட்டுவது, ஒரு பிள்ளையின் அழுகை எல்லாம் தகட்டின் இடுக்கு வழியே காதில் விழுந்தது.

அதற்கு நடுவில் இன்னொரு சத்தம். மெதுவாக. டிக். டிக். டிக்.

அந்த மூட்டிலிருந்துதான் வந்தது. என்ஜின் நடுங்க நடுங்க, ரிவிட் ஏதோ ஒன்று தன் ஓட்டைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. நான் குச்சியில் சாக்பீஸைக் கட்டிப் போட்ட டிக்கை அது எனக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் இருக்கும். எனக்கு அது முடியவே இல்லை. பிறகு வண்டியைத் தள்ளிவிட்டார்கள் போலிருக்கிறது. பஸ் நகர்ந்தது. லாரிகளும் போயின. டிக் சத்தம் நின்றது.

"யக்கா, நான் அந்த மூட்ட தட்டவே இல்ல" என்றேன்.

"எந்த மூட்ட?"

கையைக் காட்டினேன். அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"தட்டாமயே டிக்கடிச்சியா? அதும் மேல என்னையும் பெயிண்ட் அடிக்க உட்டியா?"

"ஆமாக்கா. இடுப்புல கயிறு கட்டி நீ புடிச்சிக்கோ. நான் போறேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கயிற்றை என் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். இன்னொரு முனையைக் கம்பியில் கட்டி, தன் கையிலும் சுற்றிக்கொண்டாள். "போ" என்றாள்.

உத்தரத்தின் அடி விளிம்பு ஒரு சாண் அகலம். அதில் நான் குப்புற ஊர்ந்தேன். புதுப் பெயிண்ட் சட்டையெல்லாம் ஒட்டியது. காலை மாட்டினேன். வெளியே சாய்ந்தபோது கீழே கறுப்புத் தண்ணீரில் என் தலையின் நிழல் சின்னதாகத் தெரிந்தது. அதைப் பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதையே பார்த்தேன். பேன்ட் நனைந்ததா என்று கேட்டால், அந்த வாரம் மழை பெய்துகொண்டிருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் ரிவிட். விரலை வைத்தேன். விரல் ஆடியது. ரிவிட் ஆடுகிறதா விரல் ஆடுகிறதா? இன்னொரு தரம். டங். இரண்டாவது டங். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. எல்லாம் டங். அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். ஏழாவது டொக். விரலடியில் பல் ஆடுவது போல ஓர் அசைவு. எட்டும் டொக். அதற்குக் கீழே இருந்ததும் டொக். அதற்குக் கீழே இரண்டும். மிச்சமெல்லாம் டங்.

"இன்னா நைனா, எத்தினி?"

"அஞ்சு."

"அஞ்சும் தனித்தனியாவா, பக்கத்து பக்கத்துலயா?"

"பக்கத்து பக்கத்துல."

"வந்துடு" என்றாள். குரலில் சிரிப்பே இல்லை.

பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பிள் செக்கிங், மூங்கில் குச்சி, மண்ணெண்ணெய்த் துணி, எதையும் விடவில்லை. அவர் வாயிலிருந்த பீடியை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினார். இருபத்துநாலையும் அவரே தட்டினார். மேலே வந்தார். ரோட்டோரம் கிடந்த சிவப்புத் துணியை ஒரு குச்சியில் கட்டிக்கொண்டு பாலத்தின் வாயில் நடு ரோட்டில் போய் நின்றார். வந்த மண் லாரி ஹாரன் அடித்தது. டிரைவர் என்னென்னவோ சொன்னான். பாய் நகரவில்லை.

அன்றைக்கே ஹைவேஸ் எஞ்சினீயர் வந்தார். லாரியெல்லாம் வேறு வழி. பஸ் வரலாம், ஆனால் ஆளை இறக்கிவிட்டுக் காலியாக மெதுவாகப் போக வேண்டும். ஜனங்கள் நடந்து தாண்டி அந்தக் கரையில் ஏறிக்கொள்ள வேண்டும். கெட்ட ரிவிட்டுகளை அறுத்து எடுத்துவிட்டு போல்ட்டு போடுகிற வரைக்கும் இதுதான் ஏற்பாடு.

சாயங்காலம் பாய் என்னைக் கூப்பிட்டார். "ஊட்டுக்குப் போறியா, மறுபடியும் மொதல்லருந்து தட்டுறியா?"

"தட்டுறேன் பாய்."

"நான் பக்கத்துல இருப்பேன்" என்றார். அது ஆதரவா மிரட்டலா என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த நாலு நாளும் ஒவ்வொரு மூட்டாகத் தட்டினோம். நான் தட்டுவேன், அதே ரிவிட்டை அவரும் தட்டுவார். கரையோர மூட்டு ஒன்றில், நான் முன்பே நிஜமாகத் தட்டி, நிஜமாக விரல் வைத்து, நிஜமாக டிக் போட்டிருந்த ரிவிட் ஒன்று டொக்கென்றது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பயத்தில் அன்றைக்குக் காது அடைத்திருந்திருக்கும்.

நடந்து தாண்டுகிற கூட்டத்தில் இரண்டாம் நாள் காலை அவளைப் பார்த்தேன். டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்த பொம்பளையிடம் பேசிக்கொண்டே வந்தாள். நான் பெயிண்ட் டிரம்முக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். அவள் டிரம்மைத் தாண்டும்போது, "எவனோ ஒரு கம்னாட்டி ஒயுங்கா பாக்காம உட்டுட்டானாம்" என்று சொல்லிக்கொண்டு போனது நன்றாகக் கேட்டது.

நாலாம் நாள் போல்ட்டுகள் எல்லாம் போட்டு முடிந்தன. மறுநாளிலிருந்து பஸ் ஆளோடு போகலாம் என்றார்கள். அன்று விளக்கு வைக்கிற நேரம், அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் வாசல்படியில் உட்கார்ந்து, அந்தக் கம்னாட்டி நான்தான் என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன். பாடி வழியாகப் போகச் சொன்னது ஏன், வயிற்று வலி ஏன், எல்லாம். அவள் கை அரிசிக்குள் அப்படியே நின்றுவிட்டது. எத்தனை நாள் அந்தப் பஸ்ஸில் போனோம் என்று எண்ணுகிறாள் என்று நினைக்கிறேன். என்னைப் பார்க்கவே இல்லை. களைந்த தண்ணீரைக் கொட்டினாள். மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

எனக்கு ஆற்றுக்கு மேல் தொங்கியபோதுகூட இத்தனை பயம் இல்லை.

"இப்போ எல்லாம் சரி பண்ணியாச்சுமே. மொத்தப் பாலத்தையும் மறுபடியும் தட்டிப் பாத்தாச்சு. நாளைக்கு நீ தைரியமா பஸ்ஸுல குந்திகினே போலாம்" என்றேன்.

"யாரு தட்டிப் பாத்தது, நீயா?"